பிரேக் மிதித்தால் உதறும் பழைய கார்: டிஸ்கை மாற்றுவதற்கு முன்னால்…

குமுளியில் இருந்து லோயர் கேம்ப் இறங்கும் மலைப்பாதையில் ஒரு பழைய மாருதி 800 வருகிறது. முதல் சில வளைவுகள் வரை ஒன்றும் தெரியவில்லை. பாதி தூரம் இறங்கியதும் பிரேக்கை மிதிக்கும் போதெல்லாம் ஸ்டீயரிங் உதறத் தொடங்குகிறது. காலை எடுத்தால் நின்று விடுகிறது. மறுபடி மிதித்தால் மறுபடி உதறல். பின் சீட்டில் இருக்கும் பெரியவர் "என்னப்பா வண்டி இந்த ஆட்டம் ஆடுது?" என்று கேட்கிறார். "அது ஒண்ணும் இல்லப்பா, பழைய வண்டிதானே" என்று பதில் வருகிறது.

மறுநாள் கூடலூரில் (நீலகிரி கூடலூர் இல்லை, தேனி மாவட்டத்துக் கூடலூர்!) ஏதோ ஒரு பட்டறையில் அந்த வண்டி நிற்கும். "பிரேக் மிதிச்சா உதறுது தம்பி" என்பார் உரிமையாளர். "டிஸ்க் பெண்டாயிருக்கும்ணே, மாத்திடலாம்" என்று பதில் வரும். சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே வந்த பதில் அது! இரண்டு டிஸ்க், ஒரு செட் பேட், கூலி. வண்டி வெண்ணெய் மாதிரி நிற்கும். மூன்று நான்கு மாதம் கழித்து, ஒரு நாள் அதே மலைப்பாதையில், அதே உதறல் திரும்ப வரும்.

கம்பம் பள்ளத்தாக்கில் பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கதை பழக்கமானது. கதையின் முடிவும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்தக் கடைக்காரன் டூப்ளிகேட் சாமான் போட்டு ஏமாத்திட்டான்." உண்மையில் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. டிஸ்க் நல்ல டிஸ்காகவே இருந்திருக்கலாம். நோய் என்ன என்று பார்க்காமல் மருந்து கொடுத்ததுதான் அங்கே நடந்த தவறு. அந்தத் தவறில் பாதி மெக்கானிக்குடையது, பாதி வண்டிக்காரருடையது. எப்படி என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த இறக்கம் ஒரு பிரேக்கை என்ன செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

லோயர் கேம்ப் ஏறும் போது மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்கி வருவது தெரியும். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் அந்தக் குழாய்கள் வழியாக விழுந்து, கீழே பெரியாறு மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றுகிறது. உயரத்தில் இருக்கும் ஒரு பொருள் கீழே வரும் போது அதன் சக்தி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். தண்ணீரின் சக்தி மின்சாரமாகப் போகிறது. அதே சரிவில் பக்கத்திலேயே இறங்கி வரும் காரின் சக்தி எங்கே போகிறது? பிரேக்கிலும் இஞ்சினிலும் வெப்பமாகப் போகிறது. வேறு வழி கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு. நான்கு பேர் உட்கார்ந்த மாருதி 800 சுமார் 900 கிலோ இருக்கும். இறக்கம் 400 மீட்டர் என்று வைத்துக் கொண்டால், 900 கிலோவை 9.8 ஆலும் 400 ஆலும் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 35 லட்சம் ஜூல். பதினோரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் இது! 12 நிமிடத்தில் இறங்கினால் சராசரியாக ஐந்து கிலோவாட், அதாவது 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் இரண்டரையை ஒன்றாகப் போட்ட மாதிரி. இஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக் கொள்ளும். ஆனால் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர் வண்டியில் இஞ்சின் எதையும் வாங்காது. அத்தனையும் உள்ளங்கையில் அடங்குகிற சில பேட் துண்டுகள் மேலும், பின் சக்கர டிரம் மேலும் விழும்.

இவ்வளவு சூட்டில் டிஸ்க் வளையாமல் என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் சுவாரசியமே. டிஸ்க் என்பது கனமான வார்ப்பிரும்பு. அது தட்டு நெளிகிற மாதிரி அவ்வளவு லேசாக நெளிந்து விடாது. ரேஸ் கார் பொறியாளர் கரோல் ஸ்மித் இதைப் பற்றி எழுதிய கட்டுரை மெக்கானிக்குகள் மத்தியில் பிரபலம். "டிஸ்க் வளைந்து விட்டது" என்று சொல்லப்படும் வண்டிகளில் பெரும்பாலும் நடந்திருப்பது வளைவு இல்லை, பேடின் பொருள் டிஸ்கின் மேல் திட்டுத் திட்டாக, ஒரே சீராக இல்லாமல் ஒட்டியிருப்பதுதான் என்பது அவருடைய வாதம். அதாவது டிஸ்க் கோணவில்லை. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறி விட்டது.

எவ்வளவு மாறினால் தெரியும்? ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு மாறினாலே பல வண்டிகளில் கால் அதை உணர்ந்து விடும். தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. தடித்த பகுதி பேடுகளுக்கு நடுவே வரும் போது பிஸ்டனைப் பின்னால் தள்ளும், பிரேக் ஆயில் வழியாக அந்தத் தள்ளல் பெடலுக்கு வரும், கால் துள்ளும். அதே நேரத்தில் பிடிமானம் கூடிக் குறைவதால் சக்கரம் இழுத்து இழுத்து விடும், ஸ்டீயரிங் உதறும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கையால் தடவிப் பார்த்து "பெண்ட்" என்று சொல்கிறவருக்கு ஞானதிருஷ்டி இருக்க வேண்டும்!

சரி, தடிமன் ஏன் மாறுகிறது? முக்கியமாக இரண்டு வழி.

ஒன்று, மேலே சொன்ன ஒட்டல். மலை இறங்கி முடித்து, லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் பார்க்கலாம் என்று வண்டியை நிறுத்துகிறார்கள். டிஸ்க் அப்போது சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். ஓட்டுகிறவர் பிரேக்கை அழுத்தியபடியே "இறங்குங்க, இறங்குங்க" என்று எல்லோரையும் இறக்கி விடுகிறார். பேட் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்க, அந்த இடத்தில் அதன் அச்சு பதிந்து விடுகிறது. தோசைக்கல்லில் மாவு ஒட்டுகிற மாதிரிதான். அடுத்த முறை சூடாகும் போது அந்தத் திட்டு மற்ற இடங்களை விட அதிகம் உரசும், அதிகம் சூடாகும், இன்னும் அதிகம் ஒட்டும். சூடு மிக அதிகமானால் அந்த இடத்தில் இரும்பின் தன்மையே மாறிக் கெட்டிப்பட்டு விடும். அதன் பிறகு லேத்தில் போட்டாலும் சில நாளில் திரும்ப வரும்.

இரண்டாவது வழிதான் "புது டிஸ்க் போட்டும் மூன்று மாதத்தில் திரும்பியது" என்ற மர்மத்துக்கு விடை. டிஸ்க் உட்காரும் இடம் ஹப். பழைய வண்டியில் ஹப்பின் முகத்தில் துரு ஏறியிருக்கும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்கை அதன் மேல் உட்கார வைத்தால், டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். மையத்தில் இருக்கும் சின்னச் சாய்வு விளிம்புக்குப் போகப் போகக் கூடும். இப்போது டிஸ்க் ஆடிக் கொண்டே சுற்றுகிறது. ஆனால் முதல் நாள் உதறல் தெரியாது! ஏனென்றால் காலிப்பர் பின்னில் வழுக்கிக் கொண்டு அந்த ஆட்டத்தோடு கூடவே போய் வரும். தடிமன் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது. பிறகு சாதாரணமாக, பிரேக் மிதிக்காமல் ஓடும் போது, சாய்ந்த டிஸ்கின் நீட்டிக் கொண்டிருக்கும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசி உரசித் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அந்தப் பகுதி மெலிந்திருக்கும். அன்றைக்குத்தான் உதறல் வரும். வண்டிக்காரர் "டூப்ளிகேட் டிஸ்க்" என்பார். உப்புத்தாள் ஒன்றும் பத்து நிமிடமும் செலவழித்திருந்தால் வந்திருக்காத தொல்லை.

போல்ட் விஷயமும் இதே ரகம். சக்கரத்தை மாட்டி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. பஞ்சர் கடையில் ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கி விட்டு அடுத்ததற்குப் போவார்கள். ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் இழுபட்டால் டிஸ்கும் சேர்ந்து இழுபடும். எதிரெதிர் போல்ட்டாக, இரண்டு மூன்று சுற்றில், கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பஞ்சர் ஒட்டிய மறுவாரம் உதறல் வந்தால் சந்தேகம் முதலில் இங்கே போக வேண்டும். செலவு பூஜ்யம்.

இப்போது நோயைக் கண்டுபிடிக்கும் வேலை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை போதும்.

முதல் கேள்வி: பிரேக் மிதிக்காத போதும் உதறுகிறதா? கூடலூர் - கம்பம் ரோட்டில் 70, 80 வேகத்தில் போகும் போது சும்மாவே ஸ்டீயரிங் ஆடினால் அது பிரேக் சங்கதியே இல்லை. வீல் பேலன்சிங், டயர் புடைப்பு, கோணிய ரிம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். மிதித்தால் மட்டும் வருகிறது என்றால்தான் பிரேக் பக்கம் வரலாம்.

இரண்டாவது கேள்வி: எங்கே தெரிகிறது? ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரம். பெடல் காலைத் தள்ளினால் தடிமன் மாறிய டிஸ்க் அல்லது வட்டம் கெட்ட டிரம். (ஏபிஎஸ் உள்ள வண்டியில் அவசரமாக மிதித்தால் பெடல் துடிப்பது இயல்பு. அந்த விளக்கத்தைப் பழைய மாருதி 800க்கும் அம்பாசிடருக்கும் சொல்லிச் சமாதானம் ஆகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லாத ஏபிஎஸ் எப்படித் துடிக்கும்?)

மூன்றாவது, வேகத்தோடு உதறல் எப்படி மாறுகிறது? மாருதி 800 சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.6 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்துச் சுற்று. 30ல் ஐந்து. உதறலும் அதே மாதிரி வேகம் குறையக் குறைய மெதுவானால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றின் குறை. டிஸ்க், டிரம், ஹப், பேரிங் ஆகியவை அந்தப் பட்டியல். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பயங்கரமாகி மற்ற வேகத்தில் அடங்கினால், டிஸ்கின் சின்னக் குறையைத் தேய்ந்த புஷ்ஷும் பால் ஜாயிண்டும் டை ராடு எண்டும் சேர்ந்து பெரிதாக்குகின்றன என்று அர்த்தம். பழைய காரில் இதுதான் அதிகம். புது வண்டியில் இதே டிஸ்க் இருந்தால் தெரிந்தே இருக்காது. ஆகவே ஜாக்கி போட்டு, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், பிறகு இடமும் வலமும். "டக் டக்" என்று ஆட்டம் தெரிந்தால் டிஸ்குக்குப் போகும் முன் அதைச் சரி செய்ய வேண்டும். பிரேக்கை விடப் பெரிய ஆபத்து அதுதான்.

நான்காவது, கைப்பிரேக் சோதனை. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில், நேர் ரோட்டில், 30, 40 வேகத்தில், கைப்பிரேக்கின் பட்டனை அழுத்தியபடியே மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். அப்போது உதறினால் குற்றவாளி பின் டிரம். முன் டிஸ்க் நிரபராதி. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் முன் டிஸ்க் இரண்டையும் மாற்றியவர்கள் எத்தனை பேரோ! ஒரு எச்சரிக்கை: பழைய ஜீப் சிலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தில் இருக்காது, கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கும். ஓடும் போது அதை இழுக்கவே கூடாது. மலைப்பாதையிலும் மழையிலும் எந்த வண்டியிலும் இந்தச் சோதனை வேண்டாம்.

இதற்கெல்லாம் பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். டயல் கேஜை நிறுத்தி, முள்ளை டிஸ்கின் விளிம்புக்குச் சற்று உள்ளே வைத்து, டிஸ்கை ஒரு சுற்றுச் சுற்றினால் ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்து விடும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும் என்றாலும் 0.1 மி.மீ. பக்கத்தில் வந்தாலே யோசிக்க வேண்டும். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் ஆறேழு இடத்தில் தடிமன் அளக்க வேண்டும். டிஸ்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத் பேச்சே கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். காலிப்பர் பின் இறுகியிருக்கிறதா, பிஸ்டன் திரும்பிப் போகிறதா, பேட் இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மாடல்களில் ஹப்பையே கழற்றினால்தான் டிஸ்க் வெளியே வரும். வேலை கூடுதல், ஆனால் ஹப் முகத்தைச் சுத்தம் செய்ய அதுதான் சந்தர்ப்பம்.

இங்கே இருக்கிறது பிரச்சினையின் மூலம். இத்தனை வேலைக்கும் ஒரு மணி நேரமாவது ஆகும். முடிவில் "டிஸ்க் நல்லா இருக்கு, துருதான்" என்று சொன்னால் வண்டிக்காரர் எவ்வளவு கொடுப்பார்? "ஒண்ணும் மாத்தலையேப்பா, எதுக்கு இவ்வளவு?" என்பார். டாக்டரிடம் நாடி பார்த்ததற்குப் பணம் கொடுக்கிற அதே மனிதர், மெக்கானிக்கிடம் சாமானுக்கு மட்டும்தான் கொடுப்பார். அப்படியிருக்க, பட்டறைக்காரர் எதற்கு டயல் கேஜ் வாங்க வேண்டும்? அதை வைத்து ஒரு மணி நேரம் செலவழித்துச் சாமான் விற்காமல் இருப்பது அவருக்கு நஷ்டம். டிஸ்கை மாற்றினால் சாமானில் லாபம், கூலி, வண்டிக்காரருக்கும் திருப்தி. இந்த ஏற்பாட்டை உண்டாக்கியது வாடிக்கையாளர்கள்தான். மெக்கானிக்கைத் திட்டிப் பயன் இல்லை.

"டிஸ்கையும் பேடையும் மாற்றி விட்டால் எப்படியும் பாதுகாப்புதானே, பிரேக் விஷயத்தில் கஞ்சத்தனம் எதற்கு?" என்று ஒரு எதிர்வாதம் உண்டு. நியாயமான கேள்விதான். பாதி உண்மையும் கூட. ஆனால் உதறலுக்குக் காரணம் தேய்ந்த பால் ஜாயிண்டாகவோ இறுகிய காலிப்பராகவோ இருந்தால்? புது டிஸ்க் அந்த அறிகுறியை மூன்று மாதத்துக்கு மறைத்து விடும். வலி மாத்திரை போட்டுக் கொண்டு கால் முறிவோடு நடப்பது போல. வண்டி சரியாகி விட்டது என்ற நம்பிக்கையில் அந்த மூன்று மாதமும் மலை ஏறி இறங்குவார்கள். இதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம், "பழைய வண்டியைத் தூக்கிப் போடுங்கள்" என்கிறவர்கள். மாருதி 800 தயாரிப்பும் அம்பாசிடர் தயாரிப்பும் 2014லேயே நின்று விட்டன. 15 வருடம் தாண்டிய சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. வயதைப் பார்த்துக் கட்டணம் போடுவது அரசுக்குச் சுலபம். ஆனால் பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்கும் கம்பம் ஆஸ்பத்திரிக்கும் போய் வர ஒரு பழைய கார் வைத்திருக்கிறவருக்குப் புதுக் கார் எட்டாக் கனி. மூன்று வயது வண்டியிலும் துருவேறிய ஹப் இருக்கலாம். முப்பது வயது வண்டியிலும் ஒழுங்காகப் பார்க்கப்பட்ட பிரேக் இருக்கலாம். வயதை விட, கடைசியாக எப்போது சக்கரத்தைக் கழற்றி அளந்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

காரைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தால் ஜீப் விட்டுப் போகும். தினமும் விடிகாலையில் கூடலூரிலும் கம்பத்திலும் இருந்து ஏலத்தோட்ட வேலைக்குக் கேரளத்துக்குப் பெண்களை ஏற்றிக் கொண்டு ஜீப்புகள் மலை ஏறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. பழைய ஜீப்பில் நான்கு பக்கமும் டிரம். டிரம்முக்குள் சூடு அடைபட்டுக் கிடக்கும், சீக்கிரம் வெளியேறாது. இறங்கியதும் சூட்டோடு கைப்பிரேக்கை இறுக்கி நிறுத்தினால், பின் சக்கரத்தில் கைப்பிரேக் உள்ள வண்டிகளில், ஷூ இரண்டும் தள்ளிய நிலையிலேயே டிரம் ஆறும். நாளடைவில் வட்டம் லேசாக முட்டை வடிவம் ஆகும். அதை லேத்தில் கடைந்து சரி செய்யலாம், உள்விட்டம் எவ்வளவு வரை போகலாம் என்று டிரம்மிலேயே இருக்கும் அளவுக்குள். அதைத் தாண்டிக் கடைந்து கொடுக்கிற லேத்துகளும் உண்டு, கடையச் சொல்கிற உரிமையாளர்களும் உண்டு. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் யாரும் கேட்பதில்லை. கார் வைத்திருக்கிறவராவது தன் பிரேக்கைத் தானே தேர்ந்தெடுக்கிறார். அவர்களுக்கு அதுவும் இல்லை.

சபரிமலை சீசனில் நெரிசலைக் குறைக்க, போகும் வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாக ஏற்றித் திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவது வழக்கம். பல நூறு கிலோமீட்டர் ஓடிக் களைத்த வண்டிகளும் ஓட்டுநர்களும் இந்த இறக்கத்தில்தான் இறங்குகிறார்கள். 2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் கார் இந்த மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்து போனார்கள். அந்த விபத்துக்குப் பிரேக் காரணம் என்று இங்கே சொல்லவில்லை. இந்தப் பாதை எதையும் மன்னிக்காது என்பதற்காக மட்டும்தான் அது நினைவுக்கு வருகிறது.

உதறலை விடவும் பயப்பட வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. இறங்கும் போது பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று உள்ளே போவது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியதும் அது 140 வரை இறங்கலாம். காலிப்பரில் ஆயில் கொதித்து ஆவியானால், கால் அழுத்துவது ஆவியைத்தான். பேடுக்கு ஒன்றும் போய்ச் சேராது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றும் செலவு டிஸ்க் செலவில் கால்வாசி கூட வராது. ஆனால் "ஆயில் குறையவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்விதான் வரும்.

இஞ்சினை அணைத்து விட்டு இறங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? பூஸ்டர் உள்ள காரில் இஞ்சின் நின்று விட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகி விடும். அப்புறம் காலின் பலம்தான். மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீக்குத்தான் தேறும்.

ஆகவே அடுத்த முறை பட்டறைக்குப் போகிறவர் "மாத்திடு தம்பி" என்று ஆரம்பிக்காமல், "பார்த்துச் சொல்லு தம்பி, பார்க்கிறதுக்குத் தனியாக் கூலி தந்திடறேன்" என்று ஆரம்பித்தால் பாதி மாற்றம் அங்கேயே வந்து விடும். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்ட வேண்டும். எப்போது, எந்த வேகத்தில், சூடானதற்கு முன்பா பின்பா, கடைசியாகச் சக்கரம் எப்போது கழற்றப்பட்டது என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் நல்லது. டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதவோ காற்றடித்துத் தூசியைக் கிளப்பவோ வேண்டாம் என்று சொல்லவும் தயங்க வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி பட்டறைப் பையன்களின் நுரையீரலுக்குத்தான் போகும்.

டிஸ்கோ பேடோ மாற்றியே ஆக வேண்டி வந்தால், அன்றைக்கே குமுளிக்குக் கிளம்ப வேண்டாம். கூடலூர் - கம்பம் சமதளத்தில், பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, 60ல் இருந்து 20 வரை, வண்டியை முழுசாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை மிதமாகப் பிரேக் பிடித்து, நடுநடுவே ஆற விட்டு ஓட்ட வேண்டும். பேடின் பொருள் டிஸ்கில் ஒரே சீராகப் படிய அதுதான் வழி. இரண்டு மூன்று நாள் இப்படி ஓடிய பிறகு மலை ஏறலாம். இறங்கும் போது, ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியர்.